மண்வெட்டிக்கு ஓய்வு கொடுங்கள், களைக்கொல்லிக்கு வழிவிடாதீர்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. போடி, தேவாரம், கம்பம் பகுதிகளில் இருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களின் கைகளில் இனி மண்வெட்டியும் அருவாளும் இருக்கும். காய் எடுப்புக்கு இடையே கவாத்து, களை வெட்டு, தூரைச் சுற்றி மண்ணைக் கொத்திவிடுதல் எனத் தோட்டத்தைக் கோடைக்குத் தயார் செய்யும் காலம் இது. கீழ்ப் பழனி மலையில் காபியோடு மிளகு வைத்திருப்பவர்களுக்கும், கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறைப் பகுதி மிளகு விவசாயிகளுக்கும் ஏறக்குறைய இதே வேலைதான்.

இந்த வேலைகளில் ஒன்றை மட்டும் இந்த ஆண்டு நிறுத்திப் பார்க்கலாம் என்பதே நமது வேண்டுகோள். தூரைச் சுற்றிக் கொத்துவதையும், இடைவெளியில் மண்ணைச் சுரண்டிக் களை எடுப்பதையும் விட்டுவிடுங்கள். அதே நேரத்தில், மண்வெட்டி விட்ட இடத்தைக் களைக்கொல்லித் தெளிப்பான் பிடித்துக்கொள்ளவும் அனுமதிக்காதீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் உழவில்லா வேளாண்மை. ஒன்றை மட்டும் செய்தால் மண் பிழைக்காது.

காட்டில் பிறந்த பயிர்

ஏலக்காய் இஞ்சிக் குடும்பத்துப் பயிர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு நிழலில், சருகு மக்கிய கறுப்பு மண்ணில் தானாக வளர்ந்த செடி. அங்கே அதற்கு யாரும் உழவு ஓட்டவில்லை. மேலே விழும் சருகைத் தின்று மக்க வைக்கும் மண்புழுவும் பூஞ்சையும்தான் அதற்கு உழவர்கள்.

இதனால் இதன் வேர்கள் ஆழம் தேடிப் போகும் பழக்கம் இல்லாதவை. உணவையும் ஈரத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் ஓர் அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது. சருகு அடர்ந்து கிடக்கும் தோட்டத்தில் ஈரச் சருகை விலக்கினால், அதற்குள்ளேயே வெள்ளை வேர்கள் ஓடுவதைப் பார்க்கலாம். மிளகுக் கொடியின் ஊட்ட வேர்களிலும் பெரும்பகுதி மேல் மண்ணில்தான் பரவியிருக்கின்றன.

இப்படிப்பட்ட பயிரின் அடியில் மண்வெட்டி விழும்போது என்ன நடக்கிறது?

முதலில், வேர் அறுபடுகிறது. மழை நின்று வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில், செடிக்கு ஒவ்வொரு வேரும் தேவைப்படும் நேரத்தில், நாமே அதைக் குறைக்கிறோம்.

இரண்டாவது, அறுந்த வேர் ஒரு திறந்த புண். ஏலத்தில் கிழங்கு அழுகலை உண்டாக்கும் பித்தியம், ரைசோக்டோனியா பூஞ்சைகள் மண்ணில் வாழ்பவை. அவற்றுக்கு இந்தப் புண் வாசலாகிறது. ஒரு தூரில் ஒட்டிய மண் அடுத்த தூருக்கு மண்வெட்டியிலேயே பயணம் செய்கிறது.

மூன்றாவது, கரிமம் எரிகிறது. மண்ணைப் புரட்டியதும் காற்று உள்ளே போகிறது. நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்து, சேர்ந்திருந்த மட்கைக் கரியமில வாயுவாக வெளியேற்றுகின்றன. அந்த வேகத்தில் கொஞ்சம் தழைச்சத்து கிடைப்பதால், கொத்திய சில வாரங்களில் செடி பசுமை கட்டுவதும் உண்மைதான். அது சேமிப்பை எடுத்துச் செலவழித்ததால் வந்த பசுமை. குளிர் நாட்டைவிட நமது வெப்ப நாட்டில் இந்தச் சேமிப்பு பல மடங்கு வேகமாகக் கரையும்.

நான்காவது, மண்ணே போய்விடுகிறது. சரிவு நிலத்தில் கொத்தி இளக்கிய மண்ணின் மேல் கோடை மழை ஒரு மணி நேரம் அடித்தால் போதும். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் கரைந்தால், அது 4 கன மீட்டர். எடையில் சுமார் 5 டன். ஒரு மில்லிமீட்டர் குறைந்ததைக் கண்ணால் பார்க்க முடியாது. ஓடை செம்மண் நிறத்தில் ஓடுவதை மட்டும் பார்க்கிறோம். நாம் பணம் கொடுத்து வாங்கிப் போட்ட உரமும் அதில்தான் போகிறது.

இரண்டு ஆண்டுகள் சொன்ன பாடம்

2018 ஆகஸ்ட் மழையில் இடுக்கி மலைகளில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பதை நமது வாசகர்கள் பலர் நேரில் பார்த்தவர்கள். 2024 கோடையில் அதே மலையில் வெயிலும் வறட்சியும் தாக்கி, ஏலத் தோட்டங்கள் பெருமளவில் கருகின. ஓர் ஆண்டு வெள்ளம், இன்னோர் ஆண்டு வறட்சி. இவை இரண்டு தனித்தனித் துயரங்கள்போலத் தெரிந்தாலும் மண்ணைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: விழுந்த மழையில் எவ்வளவை இந்த மண் உள்ளே வாங்கி வைத்தது?

மலைச்சரிவு முழுவதற்கும் மண்வெட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. சாலைக்காக வெட்டிய சரிவும், ஓடையை மறித்த கட்டடமும், மரம் வெட்டியதும் அதில் உண்டு. மழை பொய்க்கும் ஆண்டில் மூடாக்கு மட்டுமே தோட்டத்தைக் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல மாட்டோம். ஆனால் சருகு மூடிய மண் மழையை உறிஞ்சுகிறது, வெறும் மண் மழையை ஓட விடுகிறது. கடன் வாங்கிக் குட்டை வெட்டி, டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றுவதற்கு முன், காசில்லாமல் தண்ணீர் சேமிக்கும் இடம் ஒன்று நமது காலடியில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

கொத்துவதற்கும் ஒரு காரணம் இருந்தது

நமது முன்னோடிகள் காரணமில்லாமல் கொத்தவில்லை. மழை முடிந்ததும் மேல் மண்ணை லேசாகக் கிளறிவிட்டால், அடியிலிருந்து ஈரம் மேலே ஏறி ஆவியாகும் நுண் துளைகள் அறுபட்டு, ஈரம் தங்கும் என்பது பழைய கணக்கு. சாகுபடிக் கையேடுகளிலும் இந்த இலேசான கிளறல் இடம்பெற்றதுண்டு. வெறும் மண்ணாகக் கிடக்கும் நிலத்துக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் அரைச் சாண் உயரத்துக்குச் சருகு போர்த்திய மண்ணில் அதே வேலையைச் சருகே செய்துவிடுகிறது. வெயில் மண்ணைத் தொடுவதில்லை, காற்று ஈரத்தை எடுப்பதில்லை, வேரும் அறுபடுவதில்லை. இலேசான கிளறல் என்று கையேட்டில் இருப்பது, குத்தகை வேலையாக நடக்கும்போது முக்கால் அடி ஆழக் கொத்தாக மாறிவிடுவதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

மிளகில் இன்னும் எச்சரிக்கை தேவை. விரைவு வாடல் நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா மண்ணில் இருந்து இரண்டு வழிகளில் கொடிக்கு வருகிறது. ஒன்று, காயம்பட்ட வேர். மற்றொன்று, வெறும் மண்ணில் விழும் மழைத்துளி தெறித்து, தாழ்வான இலைகளிலும் தரையில் படரும் ஓடு கொடிகளிலும் வித்துகளைச் சேர்ப்பது. மழைக்காலத்தில் கொடியடியில் மண்ணைக் கிளறாமல் இருந்தால் முதல் வழி அடைபடுகிறது. புல்லோ மூடு பயிரோ தரையை மூடியிருந்தால் இரண்டாவது வழி அடைபடுகிறது. சுத்தமாகச் சுரண்டி, தரை தெரிய வைத்திருக்கும் மிளகுத் தோட்டம் பார்வைக்கு அழகு. பூஞ்சைக்கு அதைவிட அழகு.

களைக்கொல்லி என்னும் பொறி

உழவில்லா வேளாண்மை என்ற சொல் வெளிநாட்டுச் செய்திகளில் வரும்போது நாம் கவனமாக இருக்க வேண்டும். 1930-களில் அமெரிக்கச் சமவெளியில் உழுத மண் புழுதிப் புயலாகப் பறந்த பிறகு அங்கே உழவைக் குறைக்கும் எண்ணம் வலுத்தது. 1960-களில் பாராகுவாட் சந்தைக்கு வந்தது. பிறகு கிளைபோசேட் வந்தது. பிரேசில், அர்ஜென்டினா சோயா நிலங்களில் உழவில்லா முறை பெரிதாகப் பரவியதற்கு இந்த மருந்துகளும் ஒரு காரணம். அங்கே கலப்பையின் வேலையை மருந்து செய்தது.

அந்த முறையை அப்படியே நமது மலைக்குக் கொண்டுவர முடியாது. ஏலத்தின் பூச்சரங்கள் தூரின் அடியிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டியே படர்பவை. களைக்கு அடிக்கும் மருந்து சிறிது விலகினாலும் இளந்தட்டையிலும் சரத்திலும் படும். களை முழுவதும் கருகிய பிறகு தரை வெறுமையாகிறது. மண்வெட்டியால் சுரண்டிய தரைக்கும் இதற்கும் மழைத்துளி வேறுபாடு பார்ப்பதில்லை. ஏலம் பூக்காத மாதங்களில் தேனீக்களுக்கு உணவு தருவது, தோட்டத்து ஓரத்தில் பூக்கும் இந்தக் களைகள்தான். தேனீ இல்லாவிட்டால் ஏலத்தில் காய் பிடிப்பு இல்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. கேரளம் 2011-ல் பாராகுவாட்டைத் தடை செய்தது. 2019-ல் கிளைபோசேட் விற்பனையை நிறுத்தியது. மத்திய அரசு 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே கிளைபோசேட் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. இந்தியாவில் அந்த மருந்துக்கு அனுமதி உள்ள பயிர் தேயிலை. பிறகு பயிரில்லாத இடங்கள். ஏலத்துக்கும் மிளகுக்கும் அனுமதி இல்லை. ஆனாலும் மலையடிவாரத்தில் மருந்து கிடைக்கிறது, மேலே போகிறது, கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அடிக்கப்படுகிறது என்பது நமக்குத் தெரியாத செய்தி அல்ல. பாராகுவாட் உடலுக்குள் போனால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. அதைத் தோளில் சுமப்பவர் தோட்ட முதலாளி அல்ல. காலையில் ஜீப்பில் வந்த கூலித் தொழிலாளி.

ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை என்ற விவசாயியின் வருத்தத்தை நாம் மறுக்கவில்லை. அந்த வருத்தத்துக்குப் பதில் வேலையைக் குறைப்பதில் இருக்க வேண்டும். ஆபத்தை அடுத்தவர் தோளுக்கு மாற்றுவதில் இருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது என்ன?

களையை வேரோடு பிடுங்க வேண்டிய இடம் தூரைச் சுற்றி இரண்டு, இரண்டரை அடி மட்டும். அதையும் கையால் பிடுங்க வேண்டும். மீதி இடைவெளியில் அருவாளாலோ புல்வெட்டும் இயந்திரத்தாலோ தரைக்கு நான்கு விரல் மேலே அறுத்துவிட்டு, அறுத்ததை அங்கேயே போட வேண்டும். வேர் மண்ணுக்குள் இருக்கட்டும். அது மக்கினால் தண்ணீர் இறங்கும் வழியாகும்.

கவாத்தில் கழித்த காய்ந்த தட்டை, இலை, நிழல் மரச் சருகு எல்லாம் மூடாக்கு. தீ வைக்கவோ ஓடையில் தள்ளவோ வேண்டாம்; நோய் கண்ட தூரின் கழிவை மட்டும் தனியே அப்புறப்படுத்துங்கள். மழை நின்றதும் 10 முதல் 15 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்ப வேண்டும். கோடை மழை கிடைத்து, பூச்சரம் நீளும் காலத்தில் சருகை விலக்கிச் சரங்களை மேலே எடுத்து விட்டால் தேனீ எளிதாக வந்து போகும். தென்மேற்கு மழைக்கு முன் தூரின் கழுத்தை ஒட்டிய சருகைச் செடி இடைவெளிக்குத் தள்ளிவிடுங்கள். கழுத்தில் ஈரச் சருகு அப்பிக் கிடந்தால் அழுகலை நாமே அழைப்பதாகும்.

மூடாக்குக்கு மூலதனம் மரம். நிழலைக் குறைத்தால் காய் கூடும் என்று மரத்தை மொட்டையடித்த தோட்டத்தில் சருகும் இல்லை, ஈரமும் இல்லை. பாதி அளவு நிழலை நிறுத்தி, மழைக்கு முன் கிளை கழித்து, அந்தத் தழையைத் தோட்டத்திலேயே பரப்ப வேண்டும். ஒரே வகை மரத்தைவிடப் பல வகை மரங்களின் சருகு மண்ணுக்கு நல்லது.

கொத்தாமல் உரம் எப்படி இடுவது என்று கேட்கலாம். மண் ஈரமாக இருக்கும் நாளில், தூரிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகச் சருகை விலக்கி, உரத்தைத் தூவி, மீண்டும் சருகால் மூடினால் போதும். வேர் அங்கேயே இருக்கிறது. சருகின் மேல் யூரியா தூவினால் அதில் ஒரு பகுதி காற்றில் போய்விடும். அதைத் தவிர்க்க வேண்டும்.

மழை அதிகமான மலை மண்ணில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்து போய்ப் புளிப்பு ஏறும். யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் புளிப்பை இன்னும் கூட்டும். கார அமிலத்தன்மை 5-க்குக் கீழே இறங்கினால் போட்ட மணிச்சத்தும் செடிக்குக் கிடைப்பது குறையும். மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு டோலமைட்டோ சுண்ணாம்போ கோடை மழையோடு மேலாகத் தூவி, இரண்டு, மூன்று வாரம் கழித்து உரம் இடலாம். இதற்கும் மண்ணைப் புரட்ட வேண்டியதில்லை.

வேப்பம் பிண்ணாக்கும் தொழுவுரமும் டிரைக்கோடெர்மாவும் கலந்து இடுபவர்கள், அதே நேரத்தில் தாமிர மருந்தைத் தூரில் ஊற்றக் கூடாது. தாமிரம் நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

சரிவு அதிகமான இடத்தில் மூடாக்கு மட்டும் போதாது. சமமட்ட வரப்பு, செடிகளுக்கிடையே மாற்றி மாற்றி எடுத்த மழைக்குழிகள் வேண்டும். இது ஒரு முறை தோண்டும் வேலை. ஆண்டுதோறும் கொத்தும் வேலை அல்ல.

சந்தேகங்களுக்குப் பதில்

கொத்தாவிட்டால் மண் இறுகிவிடும் என்பது முதல் சந்தேகம். வெறுமையாக வெயிலில் கிடந்து, மழை அடித்து, ஆள் மிதித்த மண்தான் இறுகும். ஏற்கெனவே இறுகிய மண்ணில் முதல் ஆண்டு கடப்பாரையோ முள்கரண்டியோ குத்தி ஆட்டி எடுத்து, மண்ணைப் புரட்டாமல் துளை மட்டும் விடலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் மண்புழு அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். நடைபாதையைத் தனியாக ஒதுக்குவது மிக முக்கியம்.

வேர்ப்புழுவுக்கு மருந்து ஊற்றக் கிளறித்தானே ஆக வேண்டும் என்பது இரண்டாவது. வண்டுகள் வெளிவரும் பருவத்திலேயே பிடித்து அழிப்பதும், புழுக்களைத் தாக்கும் நன்மை செய்யும் நூற்புழுக்களை மண்ணில் விடுவதும் மயிலாடும்பாறை இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் வழிகள். அந்த நூற்புழுக்கள் பிழைக்க ஈரமும் மூடாக்கும் வேண்டும். கொத்திக் காய்ந்த மண்ணில் அவை செத்துப்போகும்.

செலவு குறையுமா என்பது மூன்றாவது. நேர்மையாகச் சொன்னால் முதல் இரண்டு ஆண்டுகள் பெரிதாகக் குறையாது. அறுக்கும் களை மீண்டும் துளிர்க்கும். சருகு பரப்பவும் விலக்கவும் ஆள் வேண்டும். மூடாக்கு தடிக்கத் தடிக்கத்தான் களை அடங்கும், தண்ணீர்த் தேவை குறையும். காய்ந்த சருகில் தீ பிடிக்காமல் கோடையில் ஓரங்களைச் சுத்தமாக வைக்க வேண்டும்; எலி அடையும் இடங்களைக் கவனிக்க வேண்டும். இது சோம்பேறி விவசாயம் அல்ல. உழைப்பை வேறு இடத்தில் போடும் விவசாயம்.

எல்லா நறுமணப் பயிருக்கும் இது ஒரே மாதிரிப் பொருந்தாது. ஈரோட்டு மஞ்சளும் மலை இஞ்சியும் மண்ணைத் தோண்டித்தான் அறுவடை செய்யப்படுகின்றன. அங்கே உழவே இல்லை என்பது நடக்காத பேச்சு. ஆனால் இஞ்சிக்கு நட்டவுடன் எக்டேருக்கு 10 முதல் 12 டன் பச்சிலை மூடாக்கு என்பது நெடுநாள் பரிந்துரை. மஞ்சளிலும் மூடாக்கு உண்டு. அறுவடை முடிந்த வயலைப் புழுதியாக விடாமல் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து மூடுவது, அந்த விவசாயிகள் எடுக்கக்கூடிய முதல் படி.

அரசு செய்ய வேண்டியது

நறுமணப் பொருள் வாரியமும் தோட்டக்கலைத் துறையும் தெளிப்பானுக்குக் காட்டும் ஆர்வத்தைப் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் காட்ட வேண்டும். சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து வாடகைக்கு எடுக்க வழி செய்ய வேண்டும். தடியன்குடிசை, மயிலாடும்பாறை, பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையங்களின் வளாகத்துக்குள் நடக்கும் செய்முறையோடு நிறுத்தாமல், விவசாயியின் தோட்டத்திலேயே கொத்திய பாதி, கொத்தாத பாதி என்று ஐந்து ஆண்டுகள் ஒப்பிட்டுக் கணக்கை வெளியிட வேண்டும். மண்வள அட்டையில் கரிம அளவு ஒரு வரியாக வருகிறது. அந்த வரி சென்ற முறையைவிட ஏறியதா, இறங்கியதா என்று விவசாயியிடம் உட்கார்ந்து சொல்வது களப்பணியாளர்களின் கடமை. பரிந்துரை என்றால் மூட்டைக் கணக்கு மட்டும் அல்ல.

முழுத் தோட்டத்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. இந்தப் பருவத்தில் கால் ஏக்கரை மட்டும் கொத்தாமல், மருந்தடிக்காமல், சருகு மூடி விட்டுப் பாருங்கள். ஏப்ரல் மாதம் இரண்டு பகுதியிலும் ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்து, மண்புழுவை எண்ணுங்கள். இரண்டிலும் ஒரு கட்டியைக் காய வைத்து, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். எது உடனே கரைந்து தண்ணீரைக் கலக்குகிறது, எது கட்டியாகவே நிற்கிறது என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் வேலைக்கு வருபவர்களுக்கும் காட்டுங்கள்.

கரையாமல் நிற்கும் கட்டி, அடுத்த பெருமழையில் உங்கள் தோட்டத்திலேயே நிற்கும் மண். வருகிற வாரம் தோட்டத்து வேலையைப் பிரிக்கும்போது, அந்தக் கால் ஏக்கரை முதலில் அளந்து குச்சி ஊன்றிவிடுங்கள்.